மைதானம் எந்தத் தெருவில் இருக்கிறது?

திருவண்ணாமலையிலிருந்து சென்னை கடற்கரைக்கு 2024 மே மாதம் முதல் ஒரு ரயில் ஓடுகிறது. விடிவதற்கு முன்பே கிளம்பி போளூர், ஆரணி ரோடு, வேலூர், காட்பாடி, அரக்கோணம் என்று போகும். கட்டட வேலைக்குப் போகிறவர்கள், பெரிய ஆஸ்பத்திரிக்குப் போகிறவர்கள், கல்லூரிப் பிள்ளைகள் என்று நம் ஊர் மக்கள் அதில் ஏறுகிறார்கள். பெரம்பூரைத் தாண்டியதும் ஜன்னல் வழியே வியாசர்பாடி ஜீவா என்ற பெயர்ப்பலகை தெரியும். பொதுவுடைமைத் தலைவர் ப.ஜீவானந்தத்தின் பெயரில் அமைந்த நிலையம் அது.

வியாசர்பாடி என்றதும் நம்மில் பலருக்கு நினைவுக்கு வருவது சினிமாவில் காட்டிய ரவுடிகளும் அரிவாளும்தான். அந்தப் பகுதிக்கு 'மினி பிரேசில்' என்று இன்னொரு பெயரும் உண்டு. காலையும் மாலையும் குடிசைப் பகுதிப் பிள்ளைகள் நூற்றுக்கணக்கில் பந்து உதைக்கும் இடம் என்பதால் வந்த பெயர் அது. இந்த வாரம் அந்தப் பந்தைப் பற்றிப் பேசப்போகிறோம். சென்னைக் கால்பந்துக்கும் திருவண்ணாமலை மாவட்டத்துச் சேரிக்கும் என்ன சம்பந்தம் என்று கேட்கலாம். சம்பந்தம் இருக்கிறது. அதைத்தான் எழுதுகிறோம்.

பல மொழி, பல மதம், ஒரே திடல்

வடசென்னை ஒரே இன மக்களின் ஊர் அல்ல. பக்கிங்ஹாம் மில் 1876-லும் கர்நாடிக் மில் 1881-லும் வந்தன. இவை இரண்டும் சேர்ந்ததுதான் பி அண்ட் சி மில். பெரம்பூரில் ரயில்வே பணிமனை வந்தது. துறைமுகம் பெரிதானது. அந்த வேலைகளைத் தேடி அன்றைய வடஆர்க்காடு, செங்கல்பட்டு மாவட்டங்களிலிருந்து நிலமில்லாத தலித் மக்கள் போய்ச் சேர்ந்தார்கள். தெலுங்கு பேசும் தூய்மைப் பணியாளர்கள், உருது பேசும் இஸ்லாமியர், ரயில்வேயில் வேலை பார்த்த ஆங்கிலோ இந்தியர், காசிமேட்டு மீனவர் என்று பலரும் பக்கத்துப் பக்கத்தில் வாழ்ந்தார்கள். 1962-ல் பர்மாவில் ராணுவ ஆட்சி வந்த பிறகு, அங்கே தலைமுறைகளாக உழைத்த தமிழர்கள் கையில் கிடைத்ததோடு கப்பலேறி வந்தார்கள். அவர்களில் ஒரு பகுதியினருக்கு வியாசர்பாடியில்தான் வீடு கிடைத்தது.

பக்கத்தில் வாழ்ந்தார்கள் என்பதால் ஒற்றுமையாக வாழ்ந்தார்கள் என்று எழுதிவிட முடியாது. 1921-ல் பி அண்ட் சி மில்லில் வேலைநிறுத்தம் நடந்தபோது ஆதிதிராவிடத் தொழிலாளர்கள் பலர் அதில் சேரவில்லை. அதன் விளைவாகப் புளியந்தோப்பில் அவர்களுடைய குடிசைகள் கொளுத்தப்பட்டன. உழைப்பாளியே உழைப்பாளியின் வீட்டுக்குத் தீ வைத்தான். ஒரே ஆலைச் சங்கு ஊதி எழுப்பினாலும் தெருக்கள் தனித்தனியாகவே இருந்தன.

அந்த மில் 1996-ல் மூடப்பட்டது. அதை நம்பியிருந்த குடும்பங்களின் பிள்ளைகள் வேலையின்றித் தெருவில் நின்றார்கள். ஏறக்குறைய அதே காலத்தில்தான் வியாசர்பாடியில் உமாபதி, தங்கராஜ் என்ற இரண்டு இளைஞர்கள் குடிசைப் பகுதிக் குழந்தைகளின் விளையாட்டுக்கும் கல்விக்கும் ஒரு சங்கம் தொடங்கினார்கள். பந்தோடு படிப்பையும் சேர்த்துக்கொண்டார்கள். விளையாட வருகிற பிள்ளை பள்ளிக்கும் போக வேண்டும் என்றார்கள். அவர்களுக்கு முன்பும் வடசென்னையில் கால்பந்து இருந்தது. ரயில்வே அணிகள், துறைமுக அணிகள், தெருக்கள்தோறும் சிறு அணிகள் இருந்தன. இந்தச் சங்கம் செய்தது, அந்த ஆட்டத்தைச் சின்னப் பிள்ளைகளின் கால்களுக்குக் கொண்டு சேர்த்ததுதான்.

உலகத்தின் பெருநகரங்களிலும் இப்படித்தான் நடந்திருக்கிறது. பாரிஸ் நகரத்துக்கு வெளியே போந்தி என்றொரு புறநகர் இருக்கிறது. ஆப்பிரிக்காவிலிருந்தும் அரபு நாடுகளிலிருந்தும் வந்த உழைப்பாளிக் குடும்பங்கள் நிறைந்த பகுதி அது. கிலியன் எம்பாப்பே வளர்ந்தது அங்கேதான். அவருடைய தந்தை கேமரூன் நாட்டிலிருந்து வந்தவர், தாய் அல்ஜீரிய வம்சாவளி. 2018-ல் பிரான்ஸ் உலகக் கோப்பையை வென்றபோது, அதுவரை போந்தியைக் கலவரப் பகுதி என்று மட்டும் சொன்னவர்கள் அதன் பெயரைப் பெருமையோடு சொன்னார்கள்.

வியாசர்பாடிக்கும் அப்படி ஒரு நாள் வந்தது. 2023 ஆகஸ்ட் 12 அன்று கொல்கத்தாவில் துரந்த் கோப்பைப் போட்டியில் ஈஸ்ட் பெங்காலும் மோகன் பகானும் மோதின. ஈஸ்ட் பெங்கால் 1920-ல் தொடங்கிய கிளப். கிழக்கு வங்கத்திலிருந்து வந்த மக்கள், பின்னாளில் அகதிகளாக வந்தவர்கள், தங்கள் கிளப் என்று கொண்டாடுவது அதைத்தான். நாலரை ஆண்டுகளாக அந்த அணியால் மோகன் பகானை வெல்ல முடியவில்லை. அன்றைக்கு 1-0 என்று வென்றது. அந்த ஒரே கோலை அடித்தவர் வியாசர்பாடியில் வளர்ந்த நந்தகுமார் சேகர். அதே ஆண்டு இந்திய அணியின் சட்டையையும் அவர் போட்டார். அவருக்கு முன்பே, சென்னையின் எஃப்சி 2017-18 பருவத்தில் ஐ.எஸ்.எல். பட்டம் வென்றபோது அந்த அணியில் ஆடிய தனபால் கணேஷும் வியாசர்பாடிக்காரர்தான்.

இவர்கள் என்ன சாதி என்று நாம் எழுதப்போவதில்லை. அது நமக்குத் தேவையும் இல்லை. இவர்கள் விளையாடப் பழகியது எந்த மாதிரி இடத்தில் என்பதுதான் நம் கேள்வி. கேட்டுக்குப் பூட்டு இல்லாத, நுழைவுச்சீட்டு இல்லாத, எந்தத் தெருப் பிள்ளை என்று யாரும் விசாரிக்காத திடல்களில்தான் அந்த ஆட்டம் வளர்ந்தது.

120 ரூபாய்க் கணக்கு

அந்தத் திடலுக்கே ஒரு முறை ஆபத்து வந்தது. 2024 அக்டோபர் மாதம் சென்னை மாநகராட்சி மன்றம் ஒரு தீர்மானம் போட்டது. செயற்கைப் புல் விரித்த 9 கால்பந்து மைதானங்களைத் தனியாரிடம் பராமரிப்புக்கு விடுவது, அங்கே விளையாட ஒரு ஆளுக்கு ஒரு மணி நேரத்துக்கு 120 ரூபாய் வசூலிப்பது என்பது அந்தத் தீர்மானம்.

கணக்குப் போட்டுப் பார்ப்போம். ஒரு பக்கத்துக்கு 11 பேர் என்றால் மொத்தம் 22 பேர். அவர்கள் ஒரு மணி நேரம் ஆட 2,640 ரூபாய் கட்ட வேண்டும். ஒரு பிள்ளை தினமும் ஒன்றரை மணி நேரம், மாதத்துக்கு 25 நாள் பயிற்சி எடுத்தால் 4,500 ரூபாய் ஆகும். மூட்டை தூக்குகிற தகப்பன், வீட்டு வேலைக்குப் போகிற தாய் இந்தப் பணத்தை எங்கே போய்த் தேடுவார்கள்? அரிசிக்கும் வாடகைக்கும் போக மிச்சம் இருந்தால்தானே பந்துக்கு?

விளையாட்டு வீரர்களும் கட்சிகளும் கவுன்சிலர்கள் சிலரும் உடனே எதிர்த்தார்கள். சில நாள்களிலேயே மாநகராட்சி தீர்மானத்தைத் திரும்பப் பெற்றது. மைதானங்களை மாநகராட்சியே நடத்தும், கட்டணம் கிடையாது என்று அறிவித்தது. இதில் நமக்கு ஒரு பாடம் இருக்கிறது. பொது மைதானம் கையை விட்டுப் போக ஆக்கிரமிப்பு ஒன்றுதான் வழி என்று நினைக்கக் கூடாது. வாசலில் ஒரு ரசீதுப் புத்தகத்தை வைத்தாலும் ஏழைப் பிள்ளை வெளியே நின்றுவிடுவான். சென்னையில் ரசீதுப் புத்தகம் செய்யவிருந்த அதே வேலையை நம் கிராமங்களில் சாதி பல காலமாகச் செய்துவருகிறது.

பந்தைத் தொடுவார்கள், குவளையைத் தொட மாட்டார்கள்

விளையாட்டில் சாதி ஏது என்று சொல்கிறவர்கள் உண்டு. அவர்களுக்கு பல்வாங்கர் பாலுவின் கதையைச் சொல்ல வேண்டும். தோல் தொழில் செய்த சாதியில் பிறந்த பாலு, 1911-ல் இங்கிலாந்து போன இந்திய கிரிக்கெட் அணியில் நூறு விக்கெட்டுகளுக்கு மேல் எடுத்தவர். அதற்கு முன்பு புனேயில் இந்து அணிக்கு ஆடிய நாள்களில், தேநீர் இடைவேளையின்போது அவருக்கு மட்டும் வெளியே, தனி மண்குவளையில் தேநீர் கொடுத்தார்கள். அவர் வீசிய பந்தை எல்லாரும் தொட்டார்கள். அவர் குடித்த குவளையைத் தொட அவர்களுக்கு மனம் வரவில்லை.

அது நூறு வருஷத்துக் கதை என்று தள்ளிவிட முடியாது. 2021-ல் டோக்கியோ ஒலிம்பிக்கில் ஹாக்கி ஆடிய வந்தனா கட்டாரியா, ஒலிம்பிக்கில் ஹாட்ரிக் அடித்த முதல் இந்தியப் பெண். இந்தியா அரையிறுதியில் தோற்ற அன்று ஹரித்வார் பக்கத்தில் அவருடைய வீட்டின் முன்னால் சிலர் பட்டாசு வெடித்தார்கள். சாதியைச் சொல்லித் திட்டினார்கள். நாட்டுக்காக ஆடியவளுக்குக் கிடைத்த மரியாதை அது.

வியாசர்பாடியிலும் பந்து எல்லாவற்றையும் தீர்த்துவிடவில்லை. மைதானத்தை விட்டு வெளியே வந்தால் முகவரி கூடவே வருகிறது. வேலைக்கு மனு எழுதும்போதும் வாடகைக்கு வீடு கேட்கும்போதும் அந்தப் பகுதியின் பெயரைச் சொல்லத் தயங்குகிற இளைஞர்கள் இன்றும் இருக்கிறார்கள். நகரத்தின் நடுவிலிருந்த குடிசைகளை அகற்றி மக்களைக் கண்ணகி நகருக்கும் பெரும்பாக்கத்துக்கும் அனுப்பியபோது, வீட்டோடு சேர்த்து அவர்களுடைய திடலும் போனது. அந்தக் கண்ணகி நகரிலிருந்தே கார்த்திகா என்ற பெண் கிளம்பி, 2025 அக்டோபரில் பஹ்ரைனில் நடந்த ஆசிய இளையோர் போட்டியில் இந்தியக் கபடி அணியோடு தங்கம் வென்றுவந்தார். சொல்லக் கூசிய முகவரியைப் பெருமையோடு சொல்ல வைத்தது அந்த வெற்றி. ஒருத்தி தங்கம் வாங்கினால்தான் ஒரு பகுதிக்கே மரியாதை என்பது நியாயமா என்ற கேள்வி மிச்சமிருக்கிறது.

நம் ஊர்த் திடல்

இனி நம் மாவட்டத்துக்கு வருவோம். நம்மிடம் மலை இருக்கிறது, 14 கிலோமீட்டர் கிரிவலப் பாதை இருக்கிறது, கார்த்திகை தீபத்துக்கு லட்சக்கணக்கில் மக்கள் வருகிறார்கள். அதே மாவட்டத்தில் தண்டராம்பட்டு பக்கம் தென்முடியனூரில் தலித் மக்கள் மாரியம்மன் கோயிலுக்குள் போக 2023 ஜனவரி 30 வரை காத்திருக்க வேண்டியிருந்தது. அன்றைக்கும் மாவட்ட ஆட்சியரும் காவல்துறையும் கூட வரவேண்டியிருந்தது. கோயில் வாசலைப் பற்றி அப்போது எல்லாப் பத்திரிகைகளும் எழுதின. மைதானத்தின் வாசலைப் பற்றி யாரும் எழுதுவதில்லை. அதற்கு வாசலே இல்லை என்று நினைத்துக்கொள்கிறோம்.

ஊர்ப் பொங்கல் விளையாட்டு விழாவுக்கு அடிக்கும் நோட்டீஸை எடுத்துப் பாருங்கள். 'ஊர் அணி' என்று இருக்கும், 'காலனி அணி' என்று தனியாக இருக்கும். சில ஊர்களில் காலனி அணி இருக்கவே இருக்காது. நன்றாகப் பந்து வீசுகிற காலனிப் பையனை வெளியூர்ப் போட்டிக்கு மட்டும் கூட்டிக்கொண்டு போவார்கள். உள்ளூரில் பரிசு கொடுக்கும்போது அவன் பின்வரிசையில் நிற்பான். பள்ளி விடுமுறையில் சேரிப் பிள்ளைகள் ஏரிக்கரையிலும் அறுவடை முடிந்த கழனியிலும் விளையாடுகிறார்கள். நாற்று விட்டதும் அந்த ஆடுகளம் போய்விடும். ஊராட்சியின் மைதானமோ ஊருக்குள் இருக்கிறது. அங்கே போனால் 'உங்களுக்கு இங்க என்னடா வேலை?' என்ற குரல் வரும். நம் மாணவர்கள் இதை நம்மிடம் சொல்லாமல் இருக்கலாம். அந்தக் குரலைக் கேட்டுத்தான் பலர் வளர்கிறார்கள்.

2024 பிப்ரவரியில் தமிழக அரசு கலைஞர் விளையாட்டு உபகரணங்கள் திட்டத்தைத் தொடங்கி, ஊராட்சிகளுக்கு விளையாட்டுப் பொருள்களைக் கொடுத்தது. நல்ல திட்டம். அரசுப் பணத்தில் வாங்கிய அந்தப் பந்தும் வலையும் இன்று யார் கையில் இருக்கின்றன? ஊராட்சி அலுவலகத்தில் பூட்டிக் கிடக்கின்றனவா, ஊர்ப் பெரியவர் வீட்டில் இருக்கின்றனவா? காலனிப் பிள்ளை போய்க் கேட்டால் கையெழுத்து வாங்கிக்கொண்டு கொடுப்பார்களா? ஒவ்வொரு ஊரிலும் கேட்க வேண்டிய கேள்வி இது.

கேட்கச் சட்டம் இடம் கொடுக்கிறது. அரசமைப்புச் சட்டத்தின் 15(2) பிரிவு, அரசுப் பணத்தில் பராமரிக்கப்படும் கிணறு, குளம், சாலை, மக்கள் கூடும் பொது இடங்களைப் பயன்படுத்தச் சாதியைக் காரணம் காட்டி யாரையும் தடுக்கக் கூடாது என்கிறது. வன்கொடுமைத் தடுப்புச் சட்டத்தில் 2015-ல் செய்த திருத்தம், 2016 ஜனவரி 26 முதல் நடைமுறையில் இருக்கிறது. அதன்படி பட்டியல் சாதியினரும் பழங்குடியினரும் ஊரின் பொதுச் சொத்தை மற்றவர்களோடு சமமாகப் பயன்படுத்துவதைத் தடுப்பதும், பொது இடத்தில் நுழைவதைத் தடுப்பதும் தண்டனைக்குரிய குற்றம். கிணற்றுக்கும் குளத்துக்கும் பொருந்துகிற சட்டம் மைதானத்துக்கும் பொருந்தும். 1927 மார்ச் 20 அன்று மகாத் நகரில் அம்பேத்கர் சவுதார் குளத்து நீரை அள்ளிக் குடித்தார். மற்றவர்களைப் போல நாங்களும் மனிதர்கள் என்று காட்டவே அங்கே போனதாகச் சொன்னார். நம் பிள்ளைகள் ஊர்த் திடலில் பந்து உதைப்பதும் அதே உரிமைதான்.

ஏன் கால்பந்து?

கபடியும் வாலிபாலும் கிரிக்கெட்டும் இருக்கும்போது கால்பந்தை ஏன் இவ்வளவு சொல்கிறோம்? இரண்டு காரணங்கள். ஒன்று, செலவு. மட்டை, கையுறை, காலுறை, ஹெல்மெட் எதுவும் வேண்டாம். ஒரு பந்து இருந்தால் இருபது பேர் ஆடலாம். கோல் கம்பத்துக்கு இரண்டு செருப்பு போதும். இன்னொன்று, இது உடம்போடு உடம்பு உரசுகிற ஆட்டம். தோளில் மோதாமல், காலில் இடறாமல், விழுந்தவனைக் கைகொடுத்துத் தூக்காமல் இதை ஆட முடியாது. பந்தைத் தனக்கே வைத்துக்கொள்கிறவன் இதில் தோற்பான், பக்கத்தில் இருப்பவனுக்குக் கொடுத்தே ஆக வேண்டும். ஊர்ப் பையனும் காலனிப் பையனும் ஒரே அணியில் ஒரு வருஷம் சேர்ந்து ஆடட்டும். அதன் பிறகு தனிக் குவளையை நீட்டுகிறவர்களுக்குக் கை கூசும்.

பெண் பிள்ளைகளையும் மறக்கக் கூடாது. தமிழகப் பெண்கள் அணி 2018-ல் மணிப்பூரை வீழ்த்தித் தேசியச் சாம்பியன் ஆனது. 2023-ல் மறுபடியும் வென்றது. அந்தத் தலைமுறையில் ஆடிய இந்துமதி கதிரேசன் கடலூர் மாவட்டத்துக்காரர். இந்திய அணிக்கு ஆடியவர், தமிழகக் காவல்துறையில் உதவி ஆய்வாளர். விழுப்புரத்தைத் தாண்டினால் கடலூர். அங்கே முடிந்தது இங்கே ஏன் முடியாது? தமிழக அரசு வேலையில் விளையாட்டு வீரர்களுக்கு 3 விழுக்காடு இட ஒதுக்கீடு இருக்கிறது. முதலமைச்சர் கோப்பைப் போட்டிகள் மாவட்ட அளவிலேயே தொடங்குகின்றன. ஆதிதிராவிடர் நல விடுதியில் தங்கிப் படிக்கிற எத்தனை மாணவிகளுக்கு இது தெரியும்? எத்தனை விடுதிகளில் ஒரு பந்தாவது இருக்கிறது?

செய்ய வேண்டியவை பெரிய காரியங்கள் இல்லை. உங்கள் ஊரின் விளையாட்டுத் திடல் எந்தப் புல எண்ணில் இருக்கிறது, எத்தனை ஏக்கர் என்று கிராம நிர்வாக அலுவலரிடம் கேளுங்கள். அவரிடம் இருக்கும் 'அ' பதிவேட்டில் அது இருக்கும். சொல்ல மறுத்தால் தகவல் அறியும் உரிமைச் சட்டத்தில் 10 ரூபாய் கட்டி மனுப் போடுங்கள், 30 நாளில் பதில் தந்தாக வேண்டும். ஆண்டுக்கு 6 கிராமசபைக் கூட்டம் நடக்கிறது. ஜனவரி 26, மார்ச் 22, மே 1, ஆகஸ்ட் 15, அக்டோபர் 2, நவம்பர் 1. அடுத்து வரும் கூட்டத்தில் எழுந்து மூன்று கேள்வி கேளுங்கள். மைதானம் எங்கே? விளையாட்டுப் பொருள்கள் யாரிடம்? ஊர்ப் பிள்ளைகளும் காலனிப் பிள்ளைகளும் கலந்து ஒரே அணியாக ஆட ஊராட்சி என்ன செய்யப்போகிறது? கேள்வியையும் பதிலையும் தீர்மானப் புத்தகத்தில் எழுதச் சொல்லுங்கள்.

கல்லூரி மாணவர்களுக்கு ஒரு வேண்டுகோள். நீங்கள் ஊருக்கு வரும் ஞாயிற்றுக்கிழமைகளில் ஒரு பந்தோடு வாருங்கள். முதல் நாள் சேரித் தெருவில் ஆடுங்கள். அடுத்த வாரம் பிள்ளைகளைக் கூட்டிக்கொண்டு ஊராட்சித் திடலுக்குப் போங்கள். தனியாகப் போகாதீர்கள். உங்களோடு படிக்கிற ஊர்த்தெரு நண்பர்களையும் அழைத்துக்கொண்டு போங்கள். யாராவது வந்து யாரைக் கேட்டு வந்தீர்கள் என்று கேட்டால், இது ஊராட்சி மைதானம், நாங்கள் இந்த ஊராட்சிப் பிள்ளைகள் என்று சொல்லுங்கள். சொல்லிவிட்டு ஆட்டத்தைத் தொடருங்கள்.